பனிமூட்டத்தில் முகம் இருண்டுவிடுகிறது, வழி சொல்லுங்கள்

ஏற்காடு மலையில் உள்ள எங்கள் சிற்றூரில், ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்ளும் முயற்சி நடக்கிறது. கேமராவுக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. காப்பித் தோட்டத்திலோ திண்ணையிலோ தனக்குப் பிடித்த இடத்தில் நின்று ரிமோட்டை அவரே அழுத்த வேண்டும். வேறு யாராவது எடுத்தால் விறைத்து நிற்கும் பாட்டிமார்கள் இதில் அவ்வளவு இயல்பாக இருக்கிறார்கள்!

கார்த்திகையிலிருந்து காலையில் ஒரே மூட்டம். பின்னால் எல்லாம் வெள்ளை, முகம் இருட்டு. கண் இருக்கும் இடமே தெரியவில்லை.

கேமரா கேனான் 1500டி, 18-55 லென்ஸ், ட்ரைபாட், நீளக் கேபிள் சேர்த்த ஒயர் ரிமோட். அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் (லென்ஸ் திறப்பை நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்யும் முறை) எடுக்கிறோம்.

எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) கூட்டி வைத்தேன். மூட்டம் சட்டென்று விலகினால் அடுத்தவர் படம் வெளுத்துவிடுகிறது. பார்ஷியல் மீட்டரிங்கில் (நடுப்பகுதியின் ஒளியை மட்டும் அளக்கும் முறை) ஆள் நடுவில் நின்றால்தான் சரிவருகிறது. எங்கே நிற்பது என்பது அவர்கள் முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். ஃப்ளாஷ் அடித்தால் பனித்துளிகள் வெள்ளைப் புள்ளிகளாக விழுகின்றன. பிராக்கெட்டிங் (ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படமாக எடுப்பது) வைத்து, மூன்று படம் விழும்வரை பட்டனை விடாதீர்கள் என்றேன். முதல் 'க்ளிக்' கேட்டதுமே விரலை எடுத்துவிடுகிறார்கள். ரா (RAW) ஃபைலாக எடுத்து, பிறகு இருண்ட பகுதியை வெளிச்சமாக்கினால் கன்னமெல்லாம் நாய்ஸ், புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குள் பிரிண்ட் போட்டாக வேண்டும்.

ரிமோட்டை ஒரே ஒருமுறை அழுத்தினால் போதும் என்பது மாறாமல், நிமிடத்துக்கு நிமிடம் மாறும் இந்த மூட்டத்திலும் முகம் தெளிவாக விழ, இதே கேமராவில் என்ன செட்டிங் வைக்கலாம்?