பிள்ளை பெற்ற நாலாம் மாதம் முடி கொட்டியவர்கள் சொல்லுங்கள்

மதுரைக்காரி:
ராத்திரி இரண்டு மணிக்கு பாப்பா வீல் என்று கத்தினாள். பால் கொடுத்தும் அடங்கவில்லை. சாக்ஸைக் கழற்றினால் இடது கால் நடுவிரல் சிவந்து வீங்கிப் பளபளவென்று இருந்தது. டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது: கொட்டிய என் தலைமுடி ஒன்று விரலைச் சுற்றி இறுக்கித் தோலுக்குள் புதைந்திருந்தது. விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்கு ஓடி எடுத்தோம். விரல் நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் இன்னும் தூக்கம் வருவதில்லை.

இரண்டு பிள்ளை அம்மா:
படிக்கும்போதே வயிறு கலங்குகிறது. எனக்கு அந்த நாலாம் மாதம் குளியலறையில் தண்ணீர் போகும் ஜாலியை முடி அடைத்துக் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. "பிள்ளை முகம் பார்த்துச் சிரித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும்" என்றார் அத்தை. அப்போது கோபம் வந்தது. அப்புறம் டாக்டர் சொன்னார்: கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி, உதிர வேண்டிய முடியையும் பிடித்து வைக்கும். பிரசவம் ஆனதும் அது சடாரென்று இறங்க, பிடித்து வைத்த முடியெல்லாம் ஒன்றாக வளர்ச்சி நின்று ஓய்வுக்குப் போகும். ஓய்வு ஏறக்குறைய மூன்று மாதம். அது முடிந்து கொட்டும் நேரமும் பிள்ளை சிரிக்கும் நேரமும் ஒன்று. அத்தையின் நாள் கணக்கு சரி, காரணம்தான் வேறு. கவலை வேண்டாம், கொட்டினது எல்லாம் திரும்பி வரும்.

கோவைத் தம்பி:
"எல்லாம் திரும்பி வரும்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள் அக்கா. எங்களைப் போன்ற வழுக்கை விழும் ஆண்களுக்கு டிஹெச்டி என்ற ஹார்மோன் முடி வேரையே சுருக்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறைந்து முடி மெலியும். முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்து போட்ட ஐந்தாவது வாரம் தலையணை உறை முழுக்க முடி. பயந்து நிறுத்தினேன். புது முடி முளைக்க, ஓய்விலிருந்த பழசு உதிர்ந்ததுதான் அது என்று பிறகுதான் தெரிந்தது. அப்படி வீணாக நிறுத்திய போன வருடத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.
மதுரை அக்கா, நீங்கள் ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு) ரத்தப் பரிசோதனை இரண்டும் பாருங்கள். இரும்புச்சத்து குறைந்தாலும் தைராய்டு மாறினாலும் இதே மாதிரி கொட்டும். ஒரு வருடம் தாண்டியும் நிற்காவிட்டால் தோல் டாக்டரிடம் போங்கள். பால் கொடுக்கும்போது மினாக்சிடிலை நீங்களாகத் தொடாதீர்கள். வெங்காயச் சாறு, கருஞ்சீரக எண்ணெய் என்று யாராவது வந்து சொல்வார்கள், காசைக் கரியாக்காதீர்கள். தினமும் ஐம்பது, நூறு முடி போவது எல்லோருக்கும் உள்ளதுதான், எண்ணிக்கொண்டே இருக்காதீர்கள்.

மதுரைக்காரி:
தம்பி, நான் முடிக்கு மருந்து கேட்கவில்லை. பாப்பாவுக்கு எட்டு மாதம் ஆகிறது, நெற்றியோரம் இரண்டு விரல்கடை நீளத்துக்குப் புது முடி குத்திட்டு நிற்கிறது. அது வளரட்டும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் சாக்ஸையும் கையுறையையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்துப் போடுங்கள். இன்று ராத்திரி தூங்கும் முன் இருபது விரலையும் ஒரு தடவை பாருங்கள்.