ஊட்டிப் பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு எது: ஐ5-12400? ரைசன் 5600ஜி?

லவ்டேல்வாசி
எல்லோருக்கும் வணக்கம். ஸ்டுடியோ பிசி இனித் தாங்காது. கல்யாண வீடியோதான் முக்கிய வேலை, அப்புறம் ஆல்பம். பிரீமியர், லைட்ரூம், போட்டோஷாப் மூன்றும் ஓட வேண்டும். பழைய மெஷினில் இருக்கும் டிடிஆர்4 ரேம் (16 ஜிபி ஸ்டிக் இரண்டு) நன்றாக இருப்பதால் அதையே வைத்துக்கொள்ளப் போகிறேன். இப்போது ரேம் விற்கிற விலைக்கு டிடிஆர்5 பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க முடியாது. ஆகவே இன்டெல் ஐ5-12400, ஏஎம்டி ரைசன் 5 5600ஜி, இந்த இரண்டு ப்ராசசரில் ஒன்று. கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு இல்லை. கீழே கோயம்புத்தூரில் விசாரித்தால் ஒரு கடையில் இதைச் சொல்கிறார்கள், பக்கத்துக் கடையில் அதைச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து எப்போது கரண்ட் போகும் என்று தெரியாது. 600 விஏ யுபிஎஸ்தான் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

கோத்தகிரி கேமர்
கார்டு இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம் அண்ணா, 5600ஜி. அதிலுள்ள வேகா 7 கிராபிக்ஸ், 12400-இன் யுஎச்டி 730-ஐ கேமில் தூக்கிச் சாப்பிட்டுவிடும். உங்களிடம் ரேம் இரண்டு ஸ்டிக்காக இருப்பது நல்லதாகப் போயிற்று, இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து (டூயல் சேனலில்) ஓடும். ஒற்றை ஸ்டிக் போட்டால்தான் வேகா படுத்துவிடும். மற்றபடி இரண்டுமே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உச்சம் 4.4 கிகாஹெர்ட்ஸ். ஆனால் இன்டெல்காரன் 65 வாட் என்று சொல்லிவிட்டு உள்ளே 117 வாட் வரைக்கும் அனுமதி கொடுத்திருக்கிறான். உங்கள் யுபிஎஸ் அழுதுவிடும்.

கேத்திக்காரன்
தம்பி, அவர் கேட்டது கேம் இல்லை, கல்யாண வீடியோ. கோர் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் வேகமும் ஒன்றாகிவிடுமா? 5600ஜி 2021-இல் வந்தது, ஜென் 3 என்ற கோர் வடிவமைப்பு. 12400 அதற்கடுத்து 2022 ஜனவரியில் வந்தது, கோர் வடிவமைப்பே புதிது. சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனையில் ஒற்றைக் கோருக்கு 12400 சுமார் 1,700 எடுக்கும், 5600ஜி 1,500-ஐ ஒட்டித்தான் நிற்கும். போட்டோஷாப்பில் பிரஷ் இழுக்கும்போது கைக்குத் தெரிவது அந்த ஒற்றைக் கோர் வேகம்தான்.

இன்னொன்று. 5600ஜி-யில் 'ஜி' (உள்ளேயே கிராபிக்ஸ்) சேர்ந்ததற்குக் கொடுத்த விலை, சிப்புக்குள் இருக்கும் வேகமான கேஷ் மெமரி. சாதா 5600-இல் எல்3 கேஷ் 32 எம்பி, இதில் பாதி, 16 எம்பி. எஸ்எஸ்டி, கார்டு எல்லாம் இணையும் பிசிஐஇ பாதையும் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிட்டது. நாளைக்கு வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கிப் போட்டாலும் பாதி வேகம்தான் வரும்.

கோத்தகிரி கேமர்
ஸ்கோரில் பத்து, பதினைந்து சதவீதம் கூட இருந்தால் கல்யாண வீடியோ என்ன ஒரு நாள் முன்னாடியே முடிந்துவிடுமா? சூட்டைப் பாருங்கள், கரண்டைப் பாருங்கள். தவிர, இன்டெல் சிப்புகள் கிராஷ் ஆகிப் பாழாகிறது என்று 2024 முழுக்கப் பேசினார்களே, அது மறந்துவிட்டதா?

கேத்திக்காரன்
அது 13, 14-ஆம் தலைமுறை. வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறிய பிரச்சினை, 2024 ஆகஸ்டில் அதைச் சரிசெய்ய 0x129 மைக்ரோகோட் அப்டேட் கொடுத்தார்கள். 12400 இருக்கும் 12-ஆம் தலைமுறைக்கு அதில் பங்கே இல்லை. ஊரில் ஒருவன் திருடினான் என்று தெருவையே பிடித்துப் போடாதீர்கள்.

குந்தா வாட்
வாட் கணக்கை நான் சொல்கிறேன், ஏனென்றால் இருவருமே அட்டைப்பெட்டியைப் படித்துவிட்டுச் சண்டை போடுகிறீர்கள். 117 என்பது 12400-க்கு மேல்வரம்பு. ஆறு கோரும் ரெண்டரில் முழுக்க ஓடினாலும் சிப் பெரும்பாலும் 70 வாட்டை ஒட்டித்தான் நிற்கும். 5600ஜி-யின் 65-உம் இதே கதைதான், அது உட்காரும் ஏஎம்4 வகை மதர்போர்டில் அந்த வகை சிப்புக்கு வரம்பு 88 வாட். ஆக மின்சாரத்தில் இரண்டுக்கும் பெரிய பேதம் கிடையாது. 600 விஏ யுபிஎஸ் என்றால் சுமார் 360 வாட் வரை தாங்கும். கார்டு இல்லாத பிசி, ஒரு மானிட்டர் என்றால் இரண்டில் எதுவானாலும் அதில் பாதியைக்கூடத் தொடாது. எத்தனை நிமிடம் நிற்கும் என்பது பேட்டரியைப் பொறுத்தது, சிப்பைப் பொறுத்ததல்ல. நம் குளிரில் லெட் ஆசிட் பேட்டரி கொஞ்சம் குறைவாகக் கொடுக்கும், ஆனால் கீழ்நாட்டு வெயிலில் இருப்பதைவிடக் கூடுதல் காலம் உழைக்கும்.

பைக்காரா நீர்மின் நிலையத்தில் 1932-இலிருந்து கரண்ட் எடுத்துக் கீழே அனுப்பும் மாவட்டத்தில் உட்கார்ந்து யுபிஎஸ் நிமிடம் எண்ணுகிறோம், அது தனிக் கதை.

கோத்தகிரி கேமர்
சரி, கரண்டை விடுங்கள். சூடு? நம் ஊர் குளிருக்கு 5600ஜி-யோடு வரும் கூலரே தாராளம்.

குந்தா வாட்
12400-உடன் வருவதும் போதும். ஆனால் 'குளிர் ஊர், அதனால் கூலர் நன்றாக வேலை செய்யும்' என்பது பாதிதான் சரி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றழுத்தம் குறைவதால்தான் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்து, குக்கர் இல்லாமல் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கிறது. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளும் காற்றின் எடை குறைவு, அது தூக்கிக்கொண்டு போகும் சூடும் குறைவு. சென்னையில் அறை வெப்பத்தைவிட 40 டிகிரி மேலே நிற்கும் சிப், இங்கே 46, 47 டிகிரி மேலே நிற்கலாம். ஆனால் சென்னை அறை 33 டிகிரி, நம் அறை 17. கூட்டிப் பாருங்கள், அப்போதும் நமக்குத்தான் லாபம். 5600ஜி-க்கு வரம்பு 95 டிகிரி, 12400-க்கு 100. இரண்டுமே அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

லவ்டேல்வாசி, நீங்கள் பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. ஓடுகிற மெஷினில் ஈரம் படியாது. இரவெல்லாம் அணைந்து சில்லிட்டுக் கிடக்கும் மெஷின் உள்ள அறையில் காலையில் ஹீட்டர் போட்டு, நாலு பேர் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் உள்ளே வேர்க்கும். அறை சூடேறி அரைமணி கழித்து ஆன் செய்யுங்கள்.

கேத்திக்காரன்
ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் வைத்திருக்கும் ஆளுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்! நான் கேட்க நினைத்தது வேறு. என்ன கேமரா, எந்த ஃபார்மேட்டில் எடுக்கிறீர்கள்?

லவ்டேல்வாசி
கேனான் ஆர்6. முகூர்த்தமெல்லாம் சி-லாக்கில்தான் (வெளிச்சம், நிழல் இரண்டிலும் விவரம் தங்கும் கேனானின் 'லாக்' பதிவு முறை) எடுப்பது. மண்டபத்தில் லைட் அப்படி, லாக் இல்லாவிட்டால் பட்டுப்புடவை ஜரிகை வெள்ளையாக எரிந்துவிடும்.

கேத்திக்காரன்
அப்படியானால் விவாதமே இதில்தான் இருக்கிறது. ஆர்6-இல் சி-லாக் போட்டால் ஃபைல் எச்.265 (வீடியோவைச் சுருக்கும் கோடெக்), 10 பிட், 4:2:2 (4:2:0-ஐவிட நிற விவரம் கூடுதலாகப் பதியும் முறை). இந்த 4:2:2-ஐ சிப்பிலேயே பிரித்துக் காட்டும் வசதி 12400-இன் யுஎச்டி 730-இல் இருக்கிறது, குயிக் சிங்க் என்பார்கள். 5600ஜி-யின் வேகாவில் இல்லை. அது 4:2:0 வரைக்கும்தான். என்விடியா கார்டிலேயே ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குத்தான் 4:2:2 வந்தது. அதற்கு முந்தைய கார்டை வாங்கிச் செருகினாலும் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் 12400-இன் சின்ன கிராபிக்ஸ்தான் கை கொடுக்கும்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? கிளிப்பை பிரீமியர் டைம்லைனில் போட்டு ஓட விட்டு, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்து 'வீடியோ டிகோட்' கோட்டைப் பாருங்கள். 12400-இல் அந்தக் கோடு ஏறும், சிபியு சும்மா இருக்கும். 5600ஜி-யில் கோடு தரையில் படுத்திருக்கும், சிபியு நூறைத் தொட்டு மூச்சு வாங்கும், பிளேபேக் விக்கும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: சோனியில் எச்.264-ஆக 4:2:2 எடுப்பவர்களுக்கு 12400-உம் கையை விரித்துவிடும்.

கோத்தகிரி கேமர்
இதற்குத்தான் ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் ஒரு இலகுவான நகல்) என்று ஒன்று இருக்கிறது. ராத்திரி போட்டுவிட்டுப் போனால் காலையில் சின்ன ஃபைலாக ரெடி. இந்த ஒரு கோடெக்குக்காக ஆள் மாற வேண்டுமா? நாளைக்கே கேமராவை மாற்றினால் இந்த வாதம் காலி. வேகாவோ எப்போதும் இருக்கும்.

லவ்டேல்வாசி
ராத்திரிக்கு நேரம் இல்லை தம்பி. காலை முகூர்த்தம், சாயங்காலம் ரிசப்ஷனில் ஸ்கிரீனில் ஸ்பாட் எடிட் ஓட வேண்டும். மண்டபத்திலிருந்து மெமரி கார்டு ஸ்டுடியோவுக்கு வந்து சேரும்போதே மத்தியானம் ஆகிவிடும், சீசனில் சேரிங்கிராஸ் டிராஃபிக் வேறு.

கோத்தகிரி கேமர்
ஸ்பாட் எடிட்டுக்கு லாக் எதற்கு அண்ணா? மூன்று நிமிட வீடியோ. லாக்கை ஆஃப் செய்து எடுங்கள். அப்போது ஆர்6 எச்.264, 8 பிட், 4:2:0-தான் கொடுக்கும், 5600ஜி அதை வெண்ணெயாக ஓட்டும்.

லவ்டேல்வாசி
முகூர்த்தம் ஒரே தடவைதானே நடக்கும். ஸ்பாட் எடிட்டுக்கு ஒன்று, ஃபைனலுக்கு ஒன்று என்று இரண்டு விதமாக எடுக்க இன்னொரு கேமராவும் ஆளும் வேண்டும். ஒரு கிளிப்பை பென்டிரைவில் போட்டுக்கொண்டு கீழே இறங்குகிறேன். இரண்டு கடையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம்.

கேத்திக்காரன்
பில்லில் '12400' என்று மட்டும் இருக்க வேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் குறைவு என்று 12400எஃப்-ஐத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அதில் கிராபிக்ஸே கிடையாது. பின்னால் கார்டு வாங்கிப் போட்டால் சில போர்டுகள் உள்ளே இருக்கும் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். போர்டின் பயாஸ் செட்டிங்கில் போய் மறுபடி ஆன் செய்ய வேண்டும்.

கோத்தகிரி கேமர்
போவதுதான் போகிறீர்கள், 5600ஜி மெஷினில் அதே கிளிப்புக்கு ப்ராக்ஸி ஆக எத்தனை நிமிடம் என்றும் பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள். அதைப் பார்க்காமல் நான் விடுவதாக இல்லை.