வால்யூமைக் குறைத்தாலும் போகாத உறுமல்

பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் கட்டியது என் முதல் ஆம்ப்ளிஃபயர். டிடிஏ 2030 ஐசி (பாட்டுச் சிக்னலைப் பெரிதாக்கும் சிப்), நாலு டயோடு, 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இரண்டு, 12-0-12 டிரான்ஸ்பார்மர் (நடு ஒயருக்கு இரண்டு பக்கமும் 12 வோல்ட் ஏசி). பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் 16 வோல்ட் வாக்கில் வந்தது. (15-0-15 வாங்கிவிடாதீர்கள். 21 வோல்ட் வரும், இந்த ஐசி 18-க்கு மேல் தாங்காது.)

பாட்டு வந்தது, கூடவே உறுமலும். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் அது அப்படியே நின்றது. ஷீல்டு ஒயரை மாற்றினேன். 2200-ஐக் கழற்றி 4700 போட்டேன். இரண்டு வாரம் தூக்கமே இல்லை.

கடைசியில் எங்கள் தெரு ரேடியோ ரிப்பேர் மாமாவிடம் கொண்டுபோனேன். இன்புட்டையும் கிரவுண்டையும் (பூஜ்ய வோல்ட்டாக வைத்துக்கொள்ளும் பொது ஒயர்) ட்வீசரால் சேர்த்துப் பிடித்தார். உறுமல் குறையவில்லை. "வெளியே இருந்து வரலடா, உள்ளயே இருக்கு" என்று போர்டைத் திருப்பினார்.

தப்பு கிரவுண்டில். டிரான்ஸ்பார்மரின் நடு ஒயரை முதலில் இன்புட் பக்கம் கொடுத்து, அங்கிருந்து ஸ்பீக்கர், அதற்கப்புறம் கெபாசிட்டர் என்று ஒரே மெல்லிய கோடாக இழுத்திருந்தேன். டயோடு வழியாகக் கெபாசிட்டருக்குக் கரண்ட் சீராகப் போகாது, நொடிக்கு 100 தடவை குத்துக் குத்தாகப் பாயும். ஒவ்வொரு குத்துக்கும் அந்த ஒயரில் மில்லிவோல்ட் கணக்கில் வோல்டேஜ் விழும். ஐசிக்கு அதுவும் பாட்டுதான். எத்தனை மடங்கு என்று முடிவு செய்வது ஃபீட்பேக் (அவுட்புட்டில் கொஞ்சத்தை ஐசிக்கே திருப்பும் பாதை) ரெசிஸ்டர்கள்; நான் போட்ட 22 கிலோ ஓம், 680 ஓமுக்கு அதை 33 மடங்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். 4700 போட்டதில் குத்து இன்னும் பலமானதுதான் மிச்சம்!

மாமா பிளேடால் கோட்டை அறுத்தார். நடு ஒயரை நேராக இரண்டு கெபாசிட்டரும் சேரும் இடத்தில் கொடுத்தார். அங்கிருந்து தடியான ஒயர் ஒன்று குட்டையாக ஒரு புள்ளிக்கு. இன்புட், ஃபீட்பேக், ஸ்பீக்கர் மூன்றுக்கும் கிரவுண்டு அந்தப் புள்ளியிலிருந்து தனித்தனியாக. பிறகு 60 வாட் சீரீஸ் பல்பு (மெயின் லைனில் தொடராக மாட்டும் குண்டு பல்பு) வழியாக சப்ளை கொடுத்தார். ஒரு மின்னு மின்னி அணைந்தால் சரி, எரிந்தபடியே நின்றால் ஷார்ட். அணைந்தது. ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்டேன். அவ்வளவு நிசப்தம். இன்றைக்கும் எந்த போர்டைப் பார்த்தாலும் முதலில் கிரவுண்டு கோட்டைத்தான் தேடுகிறேன்.

உங்களுக்கு எங்கே மாட்டியது?

—

அண்ணே, எனக்கு உறுமல் இல்லை, ஃபியூஸ்தான் போய்க்கொண்டே இருந்தது. அதே ஐசி. அதன் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது என்று தெரியாமல் ஹீட் சிங்க்கை (ஐசியின் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு) இரும்புப் பெட்டியில் முடுக்கிவிட்டேன். பெட்டியோ கிரவுண்டில். ஐசிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மைக்கா (கரண்ட் கடத்தாத மெல்லிய தகடு) வைத்தேன், அப்போதும் சீரீஸ் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஒரு நாள் முழுக்கத் தேடினேன். திருகு வழியாக ஷார்ட்! திருகுக்கு பிளாஸ்டிக் புஷ் போட்டதும்தான் பல்பு ஒரு மின்னு மின்னி அணைந்தது.