வீட்டுக் குழுவில் ஒரு டாங்கி

வெள்ளிக்கிழமை இரவு

தம்பி: எல்லோரிடமும் ஒரு யோசனை கேட்க வேண்டும். ரிமோட்டில் ஓடும் டாங்கி ஒன்றை நானே கட்டப்போகிறேன். உண்மையான அளவில் 16-இல் ஒரு பங்கு. முழு கிட் வாங்கும் அளவுக்கு என்னிடம் பணம் இல்லை. ஜெர்மனியின் டைகர் டாங்கியின் வரைபடம் எடுத்து வைத்திருக்கிறேன்.

தம்பி: 📷 படம்

சித்தி: மிக அழகாக இருக்கிறது கண்ணு. பரீட்சை முடிந்துவிட்டதா?

தம்பி: போன வாரமே முடிந்துவிட்டது சித்தி.

மாமா: டைகர் வேண்டாம் மருமகனே. ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சுகள், ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் சக்கரங்கள். சக்கரம் செய்தே கை ஓய்ந்துவிடும். நான்கு சக்கரக் கவச வண்டியாகச் செய். முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு சர்வோ, அதாவது ரிமோட் சொல்கிறபடி திரும்பும் சின்ன மோட்டார்ப் பெட்டி; ஓட்ட ஒரு மோட்டார், வேலை முடிந்தது.

தம்பி: சங்கிலிப் பட்டை இல்லாமல் அது டாங்கியே இல்லை மாமா!

நான்: தம்பி சொல்வது சரிதான் மாமா. அவனுக்கு ஆசை பட்டையில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பாதியில் போட்டுவிடுவான். ஆனால் டைகர் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்.

நான்: டி-34 செய் தம்பி. 1940-இல் சோவியத் ஒன்றியம் தயாரிக்கத் தொடங்கிய டாங்கி. ஒரு பக்கத்துக்கு ஐந்தே சக்கரங்கள், எல்லாம் பெரியவை. பட்டையை மேலே தாங்கும் சின்ன உருளைகள்கூட அதில் கிடையாது, மேல்பட்டை அந்தச் சக்கரங்களின் மீதே படுத்துக்கொள்ளும். உடல் பெரும்பாலும் தட்டையான சாய்ந்த தகடுகள். அட்டையும் கத்தியும் இருந்தாலே வடிவம் வந்துவிடும்.

அக்கா: அளவு என்ன வரும்?

நான்: உடல் நீளம் 5.92 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.4 மீட்டர். 16-ஆல் வகுத்தால் 37 செ.மீ., 19 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, 15 செ.மீ. சாலைச் சக்கரத்தின் விட்டம் 83 செ.மீ., நமக்கு 52 மி.மீ. அந்த அளவில் ஜாடி மூடிகள் எல்லா வீட்டிலும் கிடக்கும்.

நான்: இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. முன்பக்கத் தகட்டின் தடிமன் 45 மி.மீ. 16-இல் ஒரு பங்கு என்றால் கிட்டத்தட்ட 3 மி.மீ. அதாவது சாதாரண 3 மி.மீ. பிவிசி ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டினால் உண்மையான கவசத்தின் தடிமனே கிடைத்துவிடும். செங்குத்துக் கோட்டிலிருந்து 60 பாகை சாய்த்து ஒட்டு. அந்தச் சாய்வினால்தான் நேராக வரும் குண்டு 45-க்குப் பதிலாக 90 மி.மீ. இரும்பைக் கடக்க வேண்டியிருந்தது.

தம்பி: அண்ணா, முடிவு செய்துவிட்டேன். டி-34தான்.

மாமா: நல்லது. இப்போது எதில் ஓடப்போகிறது என்று பேசுவோம். பணம் அங்கேதான் போகும்.

அக்கா: மஞ்சள் நிறக் கியர் மோட்டார் இரண்டு, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த ஒரு மோட்டார் டிரைவர், வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகையான இஎஸ்பி32 ஒன்று. போனிலிருந்தே ஓட்டலாம். மிகவும் மலிவு. ஆனால் எல்298 டிரைவரை வாங்காதே, வழியிலேயே 2 வோல்ட் அளவுக்குத் தின்றுவிடும். சிறிய பேட்டரியில் மோட்டாருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். டிபி6612 நல்லது.

மாமா: போன் திரையைத் தடவி டாங்கி ஓட்டுவதா? விரலுக்குக் குச்சி வேண்டும் அம்மா. மருமகனே, உன்னுடைய உடைந்த விமானத்தின் ரிமோட் என்ன ஆயிற்று?

தம்பி: ரிமோட்டும், அதன் சைகையை வாங்கும் ரிசீவரும் நன்றாக இருக்கின்றன மாமா. இறக்கைதான் போய்விட்டது.

மாமா: அப்படியானால் பாதிச் செலவு மிச்சம். தொடர்ந்து சுழலும் சர்வோ இரண்டு வாங்கு, உள்ளே உலோகப் பல்சக்கரம் உள்ள வகை. ஒவ்வொரு சர்வோவிலும் மோட்டார், கியர், வேகக் கட்டுப்பாடு மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. ரிசீவரில் நேராகச் செருகு. தனி டிரைவர் வேண்டாம், நிரல் எழுத வேண்டாம்.

அக்கா: ஆனால் வேகம் மிகவும் குறைவு மாமா. அந்த வகை சர்வோ நிமிடத்துக்கு 50 சுற்று சுற்றும். மஞ்சள் மோட்டார் 6 வோல்ட்டில் 200 சுற்று.

நான்: கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டையை இழுக்கும் இயக்குசக்கரம் 4 செ.மீ. விட்டம் என்றால் சுற்றளவு 12.5 செ.மீ. சர்வோ வைத்தால் வினாடிக்குச் சுமார் 10 செ.மீ. போகும். 16-ஆல் பெருக்கினால், உண்மையான டாங்கி மணிக்கு 6 கி.மீ. போவதற்குச் சமம். மஞ்சள் மோட்டாரில் 24 கி.மீ. உண்மையான டி-34 நல்ல சாலையில் 50 கி.மீ.க்கு மேல் போகும்.

தம்பி: அப்படியானால் மஞ்சள் மோட்டார்தானே நல்லது?

நான்: இல்லை தம்பி. நான் சர்வோ பக்கம். உண்மை வண்டி 26 டன்னுக்கு மேல். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடையை 16-ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும்; உன்னுடையது ஆறரை கிலோ இருக்க வேண்டும், ஆனால் ஒரு கிலோ வந்தாலே அதிகம். எடை குறைந்த வண்டி வேகமாக ஓடினால் குதிக்கும், பொம்மை என்று உடனே தெரிந்துவிடும். மெதுவாக, நிற்காமல், புத்தகத்தின் மேல் ஏறி இறங்கினால்தான் பார்ப்பவர் கண்ணுக்குக் கனம் தெரியும். வேகம் குறைவாக இருப்பது இங்கே குறையே அல்ல.

நான்: மோட்டாரின் மஞ்சள் பெட்டிக்குள் இருப்பதும் பிளாஸ்டிக் பற்கள். டாங்கி திரும்பும்போது பட்டை தரையில் பக்கவாட்டில் உரசும். நேராக ஓடுவதைவிட அப்போதுதான் பல்சக்கரத்தின் மீது சுமை அதிகம்.

அக்கா: சரி, ஒப்புக்கொள்கிறேன். விமான ரிமோட் என்றால் எலிவான் மிக்ஸிங் இருக்கும், அதைப் போட்டுவிடு. வால் இல்லாத விமானத்தில் இரண்டு இறக்கை மடல்களையும் ஒரே குச்சியால் கலந்து ஆட்டும் அமைப்பு அது. டாங்கியில் அதே குச்சி முன்னே தள்ளினால் இரண்டு பட்டையும் முன்னே, பக்கம் தள்ளினால் ஒன்று முன்னே ஒன்று பின்னே. நின்ற இடத்திலேயே சுற்றும்.

தம்பி: அக்கா!!! அந்த அமைப்பு இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன்.

சித்தி: பேட்டரி பற்றி யாரும் பேசவே இல்லை. பழைய லேப்டாப்பில் இருந்து பிரித்து எடுப்பதாக இருந்தால் நான் சம்மதிக்க மாட்டேன்.

அக்கா: சித்தி சொல்வது முற்றிலும் சரி. வயதான லித்தியம் செல்லைப் பாதுகாப்புப் பலகை இல்லாமல் சார்ஜ் செய்வது ஆபத்து. இங்கே அது தேவையும் இல்லை. நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், தலைக்கு 1.2 வோல்ட், மொத்தம் 4.8. சர்வோவுக்கும் ரிசீவருக்கும் அப்படியே பொருந்தும்.

சித்தி: நன்றி. இப்போது நிம்மதி.

சனிக்கிழமை காலை

தம்பி: பட்டைக்குச் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டினால் போதுமா?

மாமா: டியூப் இழுபடும். இழுத்துப் பூட்டினால் அச்சுகளை உள்ளே வளைக்கும், தளர்த்தினால் திரும்பும்போது கழன்று விழும். பழைய பையின் நைலான் வார் இருக்கிறதா? 3 செ.மீ. அகலம்.

நான்: அகலமும் பொருந்துகிறது. பட்டை 50 செ.மீ. அகலம், நமக்கு 31 மி.மீ.

நான்: இந்தப் பட்டையில்தான் டி-34 நமக்கு உதவுகிறது. ஒவ்வொரு சாலைச் சக்கரமும் இரட்டைத் தட்டு. பட்டையின் உள்பக்கம், ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணியில், நடுவே ஒரு கொம்பு நிற்கும். அது இரண்டு தட்டுகளுக்கும் இடையே ஓடுவதால் பட்டை பக்கம் விலகாது. பின்னால் உள்ள இயக்குசக்கரத்தில் வெளியே நீட்டும் பற்கள் கிடையாது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஆறு உருளைகள், அவை அந்தக் கொம்புகளைப் பிடித்துத் தள்ளுகின்றன. பல் அறுக்கும் வேலையே இல்லை! இரண்டு வட்டத் தட்டு, ஆறு ஆணி, அவ்வளவுதான்.

தம்பி: கொம்புகளை எத்தனை மில்லிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் அண்ணா?

நான்: 4 செ.மீ. சக்கரத்துக்கு 21 மி.மீ. வரும். ஆனால் அந்த எண்ணை நம்பி ஒட்டாதே. வாருக்குத் தடிமன் இருக்கிறது, அதைச் சுற்றும்போது இடைவெளி கொஞ்சம் கூடும். சக்கரத்தை முதலில் முடித்துவிட்டு, அதன் மேல் வாரைச் சுற்றிப் பிடித்து, ஒவ்வொரு ஆணிக்கும் நேராகப் பேனாவால் குறி வை. அந்தக் குறிகளின் இடைவெளிதான் உண்மை.

மாமா: கொம்பை ஒட்டினால் மட்டும் போதாது. வாரின் வழியாக நூலால் தைத்து, பிறகு பசை வை. வெளிப்பக்கத்தில் ஃபோம் ஷீட் துண்டுகளைக் குறுக்காக ஒட்டு. இடையே சந்து விடாவிட்டால் பட்டை வளையாது.

மாமா: முன்னால் உள்ள வெற்றுச் சக்கரத்தின், அதாவது மோட்டார் இல்லாமல் பட்டையோடு சுற்றும் சக்கரத்தின், அச்சுக்கு வட்டத் துளை போடாதே, நீள்துளை போடு. வாரின் இறுக்கத்தை அங்கேதான் சரிசெய்ய வேண்டும். முன்னே ஓடும்போது கீழ்ப்பட்டை இறுகும், மேல்பட்டை தொய்ந்து சக்கரங்களின் மீது படுக்கும். அந்தத் தொய்வு தெரிய வேண்டும்.

சித்தி: என் பழைய கைப்பை ஒன்று இருக்கிறது, வார் கறுப்பு. எடுத்துக்கொள் கண்ணு.

தம்பி: சித்தி, நீங்கள் தெய்வம்.

சனிக்கிழமை மாலை

தம்பி: 🎥 காணொளி

தம்பி: சர்வோ இரண்டையும் மேசையில் வைத்துச் சோதித்தேன். குச்சியை விட்ட பிறகும் ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அக்கா: நடுப்புள்ளி விலகியிருக்கிறது. ரிமோட்டில் அந்தச் சேனலின் டிரிம்மை, அதாவது நடுநிலையைச் சரிசெய்யும் பொத்தானை, நகர்த்து, நின்றுவிடும். ரிசீவர் அனுப்பும் 1.5 மில்லிவினாடித் துடிப்பைச் சர்வோ "நில்" என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி: நின்றுவிட்டது. ஆனால் இரண்டையும் திடீரென்று எதிர்த் திசைக்குத் திருப்பினால் ரிசீவர் விளக்கு ஒரு கணம் அணைகிறது.

அக்கா: சர்வோ அந்த நொடியில் மின்சாரத்தை அப்படியே உறிஞ்சுகிறது, ரிசீவருக்கு மின்னழுத்தம் போதவில்லை. 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் மின்தேக்கி ஒன்றை ரிசீவரில் காலியாக உள்ள சேனலின் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே செருகு. முனை மாறக் கூடாது, கோடு போட்ட கால் எதிர்முனை. பேட்டரிக் கம்பியையும் கொஞ்சம் தடிமனாகப் போடு.

சித்தி: என்ன நிறம் அடிக்கப்போகிறாய்?

தம்பி: கரும்பச்சை சித்தி. உருளைக் கம்பியில் காகிதம் சுற்றிப் பீரங்கிக் குழாயும் செய்துவிட்டேன்.

நான்: நிறம் கடைசியில் பார்க்கலாம். மேலே சுழலும் கூண்டையும் இப்போதைக்கு வெறும் அட்டையில் வைத்துக்கொள். கையில் மீதி இருக்கும் பணத்தை அச்சுக்கும், அச்சு ஆடாமல் சுழல வைக்கும் குழாய்த் துண்டான புஷ்ஷுக்கும் வை. வெளித்தோற்றத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அச்சு ஆடினால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

தம்பி: பக்கத் தகடுகளை நாளை வெட்டுகிறேன்.

மாமா: இடது, வலது இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கு. அச்சுத் துளைகளை இரண்டிலும் ஒரே தடவையில் போடு. தனித்தனியாக அளந்து போட்டால் ஒரு மில்லிமீட்டர் விலகும், வண்டி எப்போதும் ஒரு பக்கமே இழுக்கும்.

தம்பி: கிளாம்ப் என்னிடம் இல்லை மாமா.

மாமா: என்னிடம் இரண்டு இருக்கிறது. டிரில்லும் கொண்டு வருகிறேன். நான் வரும் வரை துளை போடாதே.