வன்னி மரம் பாலைவனத்தில் எதைக் குடித்து வாழ்கிறது?

கேள்வி – மஞ்சக்குப்பம், கடலூர்

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் தல விருட்சமான வன்னியைக் காட்டி, இதே மரம்தான் ராஜஸ்தானில் கேஜ்ரி என்ற பெயரில் மாநில மரமாக இருக்கிறது என்று மகளிடம் சொன்னேன். "இங்கே மழை பெய்கிறது, அங்கே எதைக் குடித்து வாழும்?" என்று கேட்டாள். ஜெய்சல்மேர்ப் பக்கம் ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டர் அளவுதான். நம் மாவட்டத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு பெய்கிறது. ஒட்டகம் திமிலில் தண்ணீர் வைத்திருப்பதுபோல் மரமும் எங்கேயோ சேமித்து வைத்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். அது சரிதானா என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை. தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – விருத்தாசலம்

ஐயா, வன்னி தண்ணீரைச் சேமிக்கும் மரமன்று, தேடிப் போகும் மரம். மேல்மண் காய்ந்து கிடந்தாலும், அதன் ஆணிவேர் முப்பது மீட்டருக்கும் கீழே இறங்கி ஈரத்தைத் தொட்டுவிடும். அதனால்தான், மழைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய கடுங்கோடையிலேயே அது புதுத் தளிர் விடுகிறது. அதன் பொடி இலைகள் வெயிலில் விரைவில் சூடேறுவதுமில்லை. ஆடும் ஒட்டகமும் அந்தத் தழையைத் தின்றுதான் கோடையைக் கடக்கின்றன. அதன் நிழலில் விதைத்த கம்பும் நன்றாக விளையும். 1730இல் ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி கிராமத்தில் இம்மரங்களை வெட்ட விடாமல் கட்டிக்கொண்டு பிஷ்னோய் சமயப் பிரிவைச் சேர்ந்த 363 பேர் உயிர்விட்டதற்கு, அந்த மண்ணில் வன்னி இல்லாமல் வாழ்க்கையே இல்லை என்பதும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

பதில் – முத்தியால்பேட்டை, புதுச்சேரி

திமிலில் இருப்பது கொழுப்பு; தண்ணீர் அன்று. ஒட்டகத்தின் திறமை, உள்ள நீரை வெளியே விடாமல் காப்பதில் இருக்கிறது. நமக்கு உடல் சூடு இரண்டு டிகிரி ஏறினாலே காய்ச்சல். நீர் கிடைக்காத நாளில் ஒட்டகமோ விடியற்காலையில் 34 டிகிரியும் பிற்பகலில் 40 டிகிரியுமாகத் தன் சூட்டை ஏறவிட்டு, வியர்த்துக் குளிர வேண்டிய நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. பகலில் வாங்கிய சூட்டை இரவுக் குளிரில் விட்டுவிடுகிறது. உடல் எடையில் கால் பங்கு அளவுக்கு நீர் இழந்தாலும் தாங்கும். தண்ணீரைக் கண்டால் கால் மணி நேரத்தில் நூறு லிட்டர் வரை குடித்துவிடும். அமெரிக்கப் பாலைவனத்துக் கங்காரு எலி இன்னும் வியப்பானது. அது வாழ்நாள் முழுவதும் தண்ணீரே குடிக்காமல், தின்ற விதை உடலுக்குள் எரியும்போது உண்டாகும் நீரைக் கொண்டே வாழ முடியும்.

செடிகளில் சேமிப்பவையும் உண்டு. கள்ளி வகைகள் தண்டில் நீரை வைத்துக்கொண்டு, பகல் முழுவதும் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்து அமிலமாக மாற்றி வைக்கின்றன. விடிந்தபின் கதவைத் திறக்காமலே அதிலிருந்து உணவு சமைத்துக்கொள்கின்றன. உங்கள் வீட்டில் ரணகள்ளித் தொட்டி இருந்தால் இதை மகளுக்கு நேரிலேயே காட்டலாம். விடியற்காலையில் முதிர்ந்த இலையில் ஒரு துணுக்குக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடச் சொல்லுங்கள். பிற்பகலில் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், இந்தச் செடியின் இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சுவையற்றுப் போவதையும் கண்டு எழுதியது 1815இல் அச்சாயிற்று. பாலைவனச் செடிகளின் இந்த வழக்கத்துக்கான தொடக்கக்காலச் சான்றுகளில் ஒன்று நம் பக்கத்துத் தோட்டத்துச் செடியிலிருந்து கிடைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்று காலை ஐந்தரை மணிக்கே அவளை எழுப்பி மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றேன். இலைத் துணுக்கை நாக்கில் வைத்ததும் மாங்காய் கடித்தவள்போல் கண்ணைச் சுருக்கினாள். மாலை நான்கு மணிக்கு அதே செடியின் இலையில் புளிப்பு இல்லை. வெறும் பச்சை வாசம்தான். திமில் பற்றிச் சொன்னதையும் திருத்திவிட்டேன். வன்னியும் பகலில் கதவை மூடிக்கொள்ளுமா என்று இப்போது கேட்கிறாள்.

பதில் – முத்தியால்பேட்டை, புதுச்சேரி

இல்லை. வன்னி மற்ற மரங்களைப்போல் பகலில்தான் இலைத்துளைகளைத் திறக்கும். அவ்வளவு நீரைச் செலவு செய்ய அதற்கு முடிகிறதென்றால், முன்பு விருத்தாசலத்து அன்பர் சொன்ன அந்த வேர்தான் காரணம்.