வார்த்த பெல்லோஸ் மறுநாள் சுருங்குகிறது, உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. இரத்மலானையில் ஒரு மோல்டிங் பட்டறையில் வேலை செய்கிறேன். தெர்மோபிளாஸ்டிக் கோபொலியெஸ்டரில் (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) வார்க்கும் பெல்லோஸ் (துருத்தி போல மடிப்புள்ள குழாய்), அச்சிலிருந்து எடுக்கும்போது அளவு சரி. மறுநாள் வாய்ப்பக்கம் சுருங்கி, குழாயில் ஏறுவதே இல்லை.

பிளாஸ்டிக் மணிகளை நன்றாக உலர்த்தித்தான் போடுகிறோம். இந்தப் பிளாஸ்டிக்கில் பிபிடி (பொலிபியூட்டிலீன் டெரெப்தலேட்) என்ற கடினப் பகுதிகள் படிகமாகி வலுவைத் தரும். பொலியீதர் பகுதிகள் நெகிழ்வைத் தரும். அச்சு குளிராக இருப்பதால் படிகமாதல் பாதியில் நின்று, வெளியே வந்த பிறகு தொடர்கிறது என்பதே என் கணிப்பு. அச்சைச் சூடாக்கினால் ஒவ்வொரு வார்ப்புக்கும் நேரம் கூடும், முதலாளி ஆதாரம் கேட்கிறார்.

கொழும்புப் பக்கம் டிஎஸ்சி சோதனை (மாதிரியைச் சூடாக்கி, எவ்வளவு படிகமாகியிருக்கிறது என்று அளப்பது) வெளியாருக்கும் செய்து தருவது எங்கே? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கேட்கலாமா? அப்புறம், அச்சுச் சூட்டை மாற்றிப் பார்த்த அண்ணாமார், அக்காமார் எவ்வளவில் வைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.