பிஸ்டலுக்கு மாற்று ஸ்பிரிங்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

சனி, காலை 7.10
நான்: வணக்கம் சித்தப்பா. என்னுடைய .45 ஏசிபி தோட்டா சுடும் 1911 வகைப் பிஸ்டலின் ரீகாயில் ஸ்பிரிங்கை, அதாவது பின்னே வரும் ஸ்லைடைத் தாங்கி மீண்டும் முன்னே தள்ளும் ஸ்பிரிங்கை, மாற்ற வேண்டியிருக்கிறது. ஒரு மாதமாகவே சுட்ட தோட்டாக்களின் காலி உறைகள் முன்பைவிட வெகுதூரம் தெறித்து விழுகின்றன. சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேற்பகுதியான ஸ்லைடு பின்னே வந்து மோதுவதும் கையில் உறைக்கிறது. நேற்று கழற்றித் துடைத்தபோது பழைய ஸ்பிரிங்கின் கம்பித் தடிமனை அளந்து, சுற்றுகளையும் எண்ணி வைத்தேன். ஏறக்குறைய அதே அளவில் 18.5 பவுண்டு ஸ்பிரிங் ஒன்று கிடைக்கிறது. வலு கூடினால் கைப்பிடியுள்ள அடிப்பகுதியான ஃபிரேமுக்குப் பாதுகாப்புதானே, வாங்கிவிடலாமா?

காலை 7.32
சித்தப்பா: அவசரப்படாதே தம்பி. அந்தப் பிஸ்டல் உன் கைக்கு வருமுன் வேறொருவரிடம் இருந்தது. அவர் போட்டு வைத்திருந்த ஸ்பிரிங் அதற்கு உரியதுதான் என்று எதை வைத்து நம்புகிறாய்? பழையதை அளவுகோலாக வைத்துத் தேடினால், முன்னவர் செய்த தவறு ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து வாங்கிவிடுவாய். பேரல், அதாவது குழல், எத்தனை அங்குலம், எந்த எடைக் குண்டு சுடுகிறாய் என்பதை முதலில் சொல்.

நான்: 5 அங்குலப் பேரல். வழக்கமான 230 கிரெய்ன் எடைக் குண்டுள்ள தோட்டாக்கள்.

சித்தப்பா: அப்படியானால் 16 பவுண்டு ஸ்பிரிங்தான் உனக்குத் தொடக்கம். அந்த எண், ஸ்லைடு முழுவதும் பின்னே வந்து நிற்கும்போது ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும் விசையைக் குறிக்கிறது, ஏறக்குறைய 7.3 கிலோ எடையைத் தாங்கிப் பிடிப்பதற்குச் சமம். இதே 1911 இனத்தில் 4.25 அங்குலப் பேரல் கொண்ட கமாண்டர் வகைக்கு 18 பவுண்டு வழக்கம், அதைவிடக் குட்டையானவற்றுக்கு இன்னும் கூடுதல். ஸ்லைடின் எடையும் அது பின்னே ஓடும் தூரமும் குறைவதால், குறைந்த இடத்துக்குள் அதே அதிர்வை அடக்க வேண்டியிருக்கிறது. ஆகவே கமாண்டருக்கென்று அளந்த ஸ்பிரிங்கை உன் பிஸ்டலில் போட்டால், பாக்கெட்டின் மேல் அச்சிட்ட பவுண்டு எண் உள்ளே கிடைக்காது.

காலை 7.50
அக்கா: சித்தப்பா சொல்வது என் அனுபவத்திலும் உண்மை. என் க்ளாக் 17 பிஸ்டல் நான்காம் தலைமுறையைச் சேர்ந்தது. அதன் ரீகாயில் தொகுப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங்குகள் இருக்கும். மூன்றாம் தலைமுறையில் ஒன்றே ஒன்று. பெயர் ஒன்றுதானே என்று நினைத்து மூன்றாம் தலைமுறைக்கான தொகுப்பை வாங்கிவந்தேன். ஸ்லைடின் முன்வாயில் இருக்கும் துளை என்னுடையதில் பெரியது. வாங்கிவந்த தொகுப்பின் சின்னத் தலை அதில் நிற்காமல் ஆடியது. மாடல் பெயரோடு தலைமுறையையும் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும் என்பது அன்று விளங்கியது.

நான்: சரி அக்கா. ஆனால் சித்தப்பா, 18.5 போட்டால் என்ன கெடுதல் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

காலை 8.15
சித்தப்பா: பின்னே வரும்போது ஸ்பிரிங் வாங்கி வைத்துக்கொள்ளும் ஆற்றல் முழுவதும், முன்னே போகும்போது ஸ்லைடைத் தள்ளத்தான் செலவாகிறது. அளவுக்கு மீறி வலுத்தால் ஸ்லைடு முழு தூரமும் பின்னே போகாது. காலி உறை வெளியேறாமல் ஸ்லைடின் திறப்பில் நிமிர்ந்து சிக்கும், கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்காமல் மூடிக்கொள்ளும். பின்னே போய்விட்டாலும், திரும்பும் வேகத்துக்கு ஈடாக, தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவைத் தூக்கித் தர முடியாமல் திணறும். உன் தோட்டா அழுத்தம் கூடியதாக இருந்தால் 18.5 பொருந்தலாம், வழக்கமானதுக்கு வேண்டாம். மென்மையான இலக்குத் தோட்டாக்கள் சுடுபவர்கள் 12, 14 என்று இறங்குவதும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஸ்லைடு வேகமாக மூடும்போது, தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் தன் உந்தத்தாலேயே முன்னே நழுவப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது ஃபயரிங் பின் ஸ்பிரிங். 1911 பிஸ்டல்களில் சீரீஸ் 80 வகையில் பின்னைத் தடுக்கத் தனிப் பூட்டு உண்டு. சீரீஸ் 70 வகையில் அது கிடையாது. ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றும்போதே அந்தச் சிறு ஸ்பிரிங்கையும் மாற்றிவிடு.

நான்: என்னுடையது சீரீஸ் 70 வகைதான். அதையும் சேர்த்தே வாங்குகிறேன். ஒருவேளை 18.5 வந்து சேர்ந்தால், இரண்டு சுற்றை வெட்டிக் குறைத்துக்கொள்ளலாமா?

சித்தப்பா: கூடவே கூடாது. சுற்றுகள் குறைந்தால் மிஞ்சிய ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகும். ஆனால் நீளம் குறைவதால் ஸ்லைடு மூடியிருக்கும் நிலையில் முன்னழுத்தம் தளரும். தேவையான இடத்தில் பிடிமானம் இல்லாமல் போகும். தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவதும் அப்படித்தான். சில நாளில் மீண்டும் சுருங்கிவிடும்.

அக்கா: ஃபயரிங் பின்னை அடிக்கும் ஹேமரின் ஸ்பிரிங்கைப் பற்றியும் சொல்லுங்கள் சித்தப்பா. டிரிகரை இலகுவாக்க வேண்டும் என்று இவன் போன வாரம் பேசிக்கொண்டிருந்தான்.

சித்தப்பா: நல்லவேளை நினைவூட்டினாய் அம்மா. பின்னே வரும் ஸ்லைடுதான் ஹேமரையும் அமுக்குகிறது. அதனால் ஹேமர் ஸ்பிரிங்கும் ஸ்லைடுக்கு ஒரு தடை. வழக்கமான 23 பவுண்டிலிருந்து அதைக் குறைத்தால் தோட்டாவின் அடியில் அதைப் பற்றவைக்கும் பிரைமரில் அடி மெலியும், ஸ்லைடும் சீக்கிரம் திறக்கும். ரீகாயில் ஸ்பிரிங் இன்னதென்று தெளிவாகும் வரை அதைத் தொடாதே தம்பி. இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டால், கோளாறு எதனால் வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது.

மாற்றும் நாளில் மேகசினைக் கழற்றி, தோட்டா அமரும் சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, கண்ணாடி அணிந்துகொள். பேரலின் முன்முனையைப் பிடித்திருக்கும் புஷிங் வளையத்தைத் திருப்பும்போது, ஸ்பிரிங்கின் முனையை மூடும் பிளக்கைக் கட்டைவிரல் அழுத்தியபடியே இருக்க வேண்டும்; விரல் சற்று விலகினாலும் அந்தப் பிளக் முகத்தை நோக்கிப் பறக்கும். புதியதைப் போட்டபின் ஸ்லைடைக் கையால் முழுவதும் இழுத்துப் பார். ஸ்பிரிங் இல்லாமல் எவ்வளவு தூரம் வந்ததோ அவ்வளவும் வர வேண்டும். அதற்கு முன்பே கெட்டியாக நின்றால், சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன என்று பொருள். அந்த ஸ்பிரிங் உன் பிஸ்டலுக்கு ஆகாது.

அடுத்த ஞாயிறு, மாலை 6.05
நான்: சித்தப்பா, 16 பவுண்டு ஸ்பிரிங்கும் புதிய ஃபயரிங் பின் ஸ்பிரிங்கும் போட்டு இன்று 50 தோட்டாக்கள் சுட்டேன். உறைகள் எல்லாம் வலப்பக்கம் இரண்டு மீட்டருக்குள்ளேயே விழுந்தன. ஒவ்வொரு மேகசின் முடிவிலும் ஸ்லைடு திறந்து நின்றது. புதிய ஸ்பிரிங்கை இன்று கழற்றிப் பார்த்தால் வாங்கியபோது இருந்ததைவிடச் சற்றுச் சுருங்கியிருக்கிறது. இதற்குள்ளாகவே தளர்ந்துவிட்டதா?

சித்தப்பா: இல்லை. எந்தப் புது ஸ்பிரிங்கும் முதல் சில அழுத்தங்களில் கொஞ்சம் சுருங்கித்தான் நிலைக்கும். இன்றைய நீளத்தை அளந்து, தேதியோடும் தோட்டாக் கணக்கோடும் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடு. இனிமேல் ஒப்பிட வேண்டியது அந்த எண்ணோடுதான்.